அத்தான் வாங்கி வந்த ஜப்பான் கிட்டார்

எங்கள் வீட்டு முன்னறையில் சுவரோரமாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் சாய்ந்து நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் அதன் தலையைத்தான் பார்ப்பார்கள். கம்பெனிப் பெயர் அங்கேதான் இருக்கும். இதில் ஒன்றும் இருக்காது. பிளேடால் சுரண்டிய தழும்பு மட்டும் இருக்கும். "எந்த ஊர் கிட்டார் சார்?" என்று கேட்பார்கள். ஜப்பான் என்று சொல்வேன். இந்த ஒரு சொல்லைச் சொல்லும் தைரியம் வர எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் கிளார்க். பகல் முழுக்கப் பட்டா மாறுதல் மனுக்களோடு மல்லுக்கட்டுவேன். சாயங்காலமானால் வேறு ஆள். ஊரில் ஏழு பேர் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். ராயகிரியில் கோயில் கொடை, வாசுதேவநல்லூரில் கல்யாணம், இளையரசனேந்தலில் காதுகுத்து என்று எங்கே கூப்பிட்டாலும் வேன் பிடித்துப் போய்விடுவோம். நான் கிட்டார். சர்ச் பாடகர் குழுவில் சாதாரண மரக் கிட்டாரில் கற்றுக்கொண்டது. அந்த மரக் கிட்டாரின் வயிற்றில் ஒரு சின்ன மைக்கைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி மேடையில் வாசிப்பேன். கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினால் போதும், அது ஊளையிட ஆரம்பித்துவிடும். முன் வரிசையில் இருக்கிற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

அப்பா ரிட்டையரான ஹெட்மாஸ்டர். நான் சினிமாப் பாட்டு வாசிப்பது அவருக்குப் பிடிக்காது. அதையும் கோயில் விழாவில் வாசிப்பது அறவே பிடிக்காது. ஆனாலும் சம்பாதிக்கிற மகன் என்று விட்டுவைத்திருந்தார். கச்சேரி பார்க்க ஒருநாளும் வந்ததில்லை. அவருடைய ராஜ்யம் வீட்டுக்குள்தான். சாயங்காலம் ஏழரைக்குக் குடும்ப ஜெபம். அம்மா பாட்டு எடுத்துக் கொடுப்பாள், ஒருவர் வேத பாகம் வாசிப்பார், அப்பா ஜெபம் பண்ணுவார். யார் வாசிக்க வேண்டும் என்பதை அப்பாதான் சொல்வார். வாயால் சொல்வதில்லை. வேதாகமத்தை எடுத்து யார் பக்கம் நீட்டுகிறாரோ அவர் வாசிக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மேல் அப்பா என்ன மதிப்பு வைத்திருக்கிறார் என்பது அந்தக் கை போகிற திசையில் தெரிந்துவிடும்.

அக்காவைத் தூத்துக்குடியில் கொடுத்திருந்தோம். அத்தானுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. எஞ்சின் அறையில் எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள். கப்பல்காரன் என்றாலே குடிப்பான் என்று அப்பா முதலில் சம்மதிக்கவில்லை. தூத்துக்குடிக்கே நேரில் போய், நாலு பேரிடம் விசாரித்து, சொட்டுக்கூடத் தொடாத ஆள் என்று உறுதியான பிறகுதான் பெண் கொடுத்தார். கொடுத்த பிறகு மாப்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அத்தான் லீவில் வந்தால் ஏழரை மணிக்கு வேதாகமம் வேறு யார் பக்கமும் போகாது. அத்தான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். பழைய ராஜாக்களின் பெயர் வருகிற இடத்தில் தடுக்கி விழுவார். நாங்களெல்லாம் தடுக்கினால் முறைக்கிற அப்பா, அவர் தடுக்கினால் மெதுவாக எடுத்துக் கொடுப்பார்.

ஒருநாள் பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அதில் பக்கம் முழுக்க ஒரு கிட்டார். அமெரிக்காவில் செய்தது. ஓரத்தில் கறுப்பாக ஆரம்பித்து நடுவில் தேன் நிறமாகிற உடம்பு, கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்குகிற மூன்று வரிசைக் காந்தம், தலையில் வளைந்து வளைந்து ஓடுகிற எழுத்தில் கம்பெனிப் பெயர். அந்தக் கிட்டாரை ஒரே மரத்தில் கடைகிறார்கள் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து ஜப்பானில் நகல் செய்கிறார்கள் என்றும், அவற்றை நம்பி ஏமாறாதீர்கள் என்றும் கீழே போட்டிருந்தது. விற்கிறவனே போட்ட விளம்பரம் என்பது எனக்கு உறைக்கவில்லை. மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து, லீவு முடிந்து கிளம்பிய அத்தான் கையில் கொடுத்தேன்.

"இது மாதிரி ஒண்ணு கெடைக்குமா அத்தான்?"

"பாக்கேன் மாப்ளே," என்று நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்.

பதினோரு மாதம் கழித்து வந்தார். அவர் பெட்டி திறக்கிற அன்று எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிடுவார்கள். அம்மாவுக்கு ஜப்பான் சேலை, அப்பாவுக்கு மடக்குக் குடை, பொத்தானை அமுக்கினால் விரிகிற ரகம். அதுவும் ஜப்பான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஜப்பான் என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. டார்ச் லைட்டானாலும் சரி, டிரான்சிஸ்டரானாலும் சரி, ஜப்பான் என்று சொன்னவுடனே வாங்கி ஒரு தடவை தடவிப் பார்ப்பார்கள். கடைசியாக அத்தான் நீளமான ஒரு அட்டைப்பெட்டியை என் முன்னால் வைத்தார். திறந்தேன். பத்திரிகையில் பார்த்த அதே உடம்பு, அதே தேன் நிறம், அதே மூன்று வரிசைக் காந்தம். தலையைப் பார்த்தேன். வேறு பெயர்.

"நீ குடுத்த படத்தப் பர்சுலயே வச்சிக்கிட்டு நாலு தொறமுகம் அலைஞ்சேன் மாப்ளே," என்றார் அத்தான். முகமெல்லாம் சிரிப்பு. "ஜப்பான்ல, கோபே தொறமுகத்துல ஒரு கடையில ரெண்டும் இருந்திச்சு. அமெரிக்காக்காரன் செஞ்சதக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொங்கவிட்டிருக்கான். அது நம்ம சக்திக்கு மேல. இது அதே அச்சு. கடைக்காரன ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிக்கச் சொல்லிட்டு நான் கண்ண மூடிக்கிட்டு நின்னேன். சத்தியமா எனக்கு வித்தியாசம் தெரியல."

"ஒங்களுக்கு எப்பிடி அத்தான் தெரியும்?" என்றேன்.

சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், அக்கா, அம்மா எல்லாரும் இருக்கும்போதுதான். அத்தான் சிரிப்பை நிறுத்தவில்லை. "அதுவும் சரிதான். நீ வாசிச்சுச் சொல்லு," என்றார். வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. நல்லாயிருக்கு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்றைக்கு யாரும் இல்லாத நேரத்தில் திருகாணிகளைக் கழற்றி, மேல் தகட்டைத் தூக்கிப் பார்த்தேன். உடம்பு ஒரே மரம் இல்லை. பல மரங்களை அடுக்கி ஒட்டிய பலகை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆடு வாங்கப் போனவர் ஆட்டுப் பொம்மை வாங்கி வந்ததுபோல அத்தான் மேல் கோபம் வந்தது. அந்தப் பலகைக்காக அவர் எத்தனை நாள் எஞ்சின் சூட்டில் வெந்திருப்பார் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

அத்தான் மறுபடி கப்பல் ஏறிய பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். புது பிளேடு ஒன்றை எடுத்துத் தலையில் இருந்த ஜப்பான் பெயரைச் சுரண்டினேன். அது என்ன பெயர் என்று நிதானமாக வாசித்ததுகூட இல்லை. ஆறோ ஏழோ ஆங்கில எழுத்து. கொஞ்சம் டர்பன்டைன் போட்டுத் துடைத்ததும் சுத்தமாகப் போய்விட்டது. பிறகு கிட்டாரை வேட்டியில் சுற்றிக்கொண்டு தேரடிப் பக்கம் கடை வைத்திருந்த போர்டு எழுதுகிற அண்ணாச்சியிடம் போனேன். இன்னொரு பத்திரிகைப் படத்தைக் காட்டி, இதே பெயரை இதே மாதிரி எழுத வேண்டும் என்றேன்.

அவர் படத்தை எட்ட வைத்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார்.

"எழுத்து நோஞ்சானா இருக்கே வே. லேசா நெழல் குடுத்தா எடுப்பா இருக்கும்."

"நெழல் வேண்டாம் அண்ணாச்சி. இருக்கிறபடியே எழுதுங்க."

"சரி, ஒம்ம இஷ்டம்," என்றார். மறுநாள் போனால் மஞ்சளில் நிழல் கொடுத்திருந்தார். லாரிகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? போதாக்குறைக்கு ஓரத்தில் பொடி எழுத்தில் தன் கடைப் பெயரையும் போட்டு, 'ஆர்ட்ஸ்' என்று முடித்திருந்தார். அதை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். நிழலை எடுக்க முடியவில்லை. ஆக, உலகத்திலேயே மஞ்சள் நிழல் போட்ட அமெரிக்கக் கிட்டார் என்னிடம்தான் இருந்தது.

குழுவில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "எங்க அத்தான் அமெரிக்காவுல வாங்கினது" என்றேன். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரில் யாருக்கும் அமெரிக்கக் கிட்டாருக்கும் ஜப்பான் கிட்டாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஜப்பான் என்று சொல்லியிருந்தால் இன்னும் பலமாகக் கை தட்டியிருப்பார்கள். அந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்கு நானே காட்டிக்கொண்ட வேஷம் அது. ஆனால் குழுவின் அறிவிப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், அடுக்கிப் பேசுவதில் ஆசை உள்ளவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடையிலும் "அமெரிக்க நாட்டிலிருந்து ஆழ்கடல் தாண்டி வந்திருக்கும் அபூர்வ கிட்டார்" என்று முழங்க ஆரம்பித்தார். நான் தலையை லேசாகக் குனிந்து கும்பிடுவேன்.

பத்து மாதம் இப்படி ஓடியது. அந்த வருஷம் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித் தபசுக்கு எங்கள் குழுவுக்கே ஊரில் ஒரு மேடை கிடைத்தது. பத்து நாளாக ஒத்திகை. அத்தான் வருவது எனக்குத் தெரியாது. கப்பல் முந்தி வந்துவிட்டதாம். அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கூட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். வாத்தியார் அமெரிக்க நாட்டை முழங்கி முடித்த பிறகுதான் வந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அத்தான் அந்தச் சீட்டை எழுதியிருக்கவே மாட்டார்.

எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பு பிடித்துவிட்டால், ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி, அதோடு ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்தி மேடைக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் அதை மைக்கில் வாசிப்பார். கொடுத்தவருக்கு அதில் ஒரு கௌரவம், வாங்கியவருக்கு ஒரு கௌரவம். அதிலும் மாப்பிள்ளைமார், பெண் எடுத்த ஊரில் தங்கள் பெயர் மைக்கில் வருவதற்கென்றே சீட்டு அனுப்புவார்கள்.

நான் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. அன்றைக்கு அது நன்றாக அமைந்துவிட்டது. கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு சீட்டு மேடைக்கு வந்தது. வாத்தியார் வாங்கி, முன்கூட்டிப் பார்க்காமல் வாசித்தார்.

"ஜப்பான் தேசத்தில் நான் வாங்கி வந்த கிட்டாரை இவ்வளவு அருமையாக வாசிக்கும் என் மைத்துனருக்கு அன்பளிப்பு ரூபாய் ஐம்பத்தொன்று. இப்படிக்கு, தூத்துக்குடி அத்தான்."

வாத்தியார் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். டிரம்ஸ் வாசிக்கிறவன் பார்த்தான். கூட்டத்தில் ஒருவன், "ஏலே, அமெரிக்கான்னு சொன்னானுவ?" என்று கத்தினான். அங்கே எத்தனையோ வழி இருந்தது. சிரித்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பாட்டை எடுத்திருக்கலாம். நான் போய் மைக்கைப் பிடித்தேன்.

"அன்பளிப்புக்கு நன்றி. சீட்டில் ஒரு சின்னத் தவறு. கிட்டார் அமெரிக்காதான். எங்க அத்தான் கப்பல்காரர். வாங்கின நேரத்தில் எந்தக் கரையில் நிற்கிறோம் என்று தெரியாத நிலைமையில் இருந்திருப்பார்."

கூட்டம் சிரித்ததே ஒரு சிரிப்பு! ஒருவன் எழுந்து நின்று, கட்டை விரலை வாய்க்குள் கவிழ்த்து, தள்ளாடிக் காட்டினான். சிரிப்பு இரண்டு மடங்கானது. குடியை நினைத்து நான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். அந்தச் சிரிப்பு எதற்கு வரும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

டியூப் லைட் கம்பத்தடியில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். பிள்ளை தோளில் இருந்தது. அக்கா பக்கத்தில். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்து, ஆமாம், மாறிவிட்டது என்பதுபோலத் தலையை ஆட்டிச் சிரித்தார்.

மறுநாள் காலையில் அது அப்பா காதுக்குப் போய்விட்டது. சர்ச்சில் கமிட்டிக்காரர் ஒருவர், "மருமகப்பிள்ளை நேத்து மேடைக்கே சீட்டு அனுப்பிக் கலக்கிட்டாராமே. கொஞ்சம் தண்ணி ஏத்தமோ?" என்று கேட்டிருக்கிறார். ஊரில் வேறு பேச்சே இல்லை. அப்பா யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. வீட்டுக்குள் அவர் விசாரிக்கிற ரகம் இல்லை, தீர்ப்புச் சொல்கிற ரகம். அன்று சாயங்காலம் ஏழரைக்கு எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். அம்மா பாட்டை முடித்தாள். அத்தான் வழக்கம்போலக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டத் தயாராக இருந்தார். அப்பா வேதாகமத்தை என் பக்கம் நீட்டினார்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றி மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் வாசித்தேன். எனக்கு எந்த ராஜா பெயரும் தடுக்கவில்லை.

ஜெபம் முடிந்ததும் அவர் என் அறைக்கு வந்தார். கிட்டார் கட்டிலில் கிடந்தது. குனிந்து தலையைப் பார்த்தார். வர்ணம் பூசிய பெயரை விரலால் ஒரு தடவை தடவினார். இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் அழுது சொல்லிவிடுவேன் என்றும் நினைத்தேன்.

"எழுத்து நல்லாருக்கு மாப்ளே," என்றார். அதோடு போய்விட்டார்.

அதற்குப் பிறகும் லீவுக்கு லீவு வந்தார். பெட்டி திறந்தார். எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் தேடிப் பிடித்து, அமெரிக்கா என்று அச்சடித்த சாமானாக வாங்கி வந்தார். ஒருமுறை சவர செட். ஒருமுறை பேனா. "அமெரிக்காதான், பாத்துக்கோ" என்று அந்த எழுத்தைக் காட்டித்தான் கொடுப்பார். குத்தலே இல்லாமல் சொல்வார். குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏழரை மணிக்கு வேதாகமம் என்னிடமே வந்துகொண்டிருந்தது.

எண்பதுகளின் ஆரம்பத்தில் இலாகா பரீட்சை எழுத மெட்ராஸ் போனேன். எங்கள் டிரம்ஸ்காரனுக்குச் சொந்தக்காரர் ஒருவர் சினிமாப் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கிறவர். கோடம்பாக்கத்தில் வீடு. பரீட்சை முடிந்ததும் அவரைப் பார்க்கப் போனேன். நான் வருஷக்கணக்காகப் படத்தில் பார்த்த கிட்டார் அங்கே ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. அசல் அமெரிக்கா. மஞ்சள் நிழல் இல்லாதது.

"நீங்க என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

தெரியாத ஊர், தெரியாத மனிதர். "ஜப்பான்" என்று வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் இன்னொரு கிட்டாரை எடுத்து வந்தார். அதுவும் ஜப்பான்தான். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். மாற்றி மாற்றி ஐந்து தடவை வாசித்தார். எது எது என்று நான் சொல்ல வேண்டும். அடித்துச் சொன்னேன். மூன்று தடவை தப்பு.

பிறகு அமெரிக்கக் கிட்டாரை என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. மீட்டிவிட்டு விட்டால் நாதம் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது. அடிக்கம்பியில் ஒரு நிறைவு இருந்தது. இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

"வித்தியாசம் உண்டு," என்றார் அவர். "ரெக்கார்டிங் தியேட்டர்ல, நல்ல ஸ்பீக்கர்ல கேட்டா ஒரு இழை தெரியும். நீங்க ஊர்ல எதுல மாட்டி வாசிக்கிறீங்க?"

"மைக் செட் ஆம்ப்ளிஃபயர்ல. வெளியில குழாய் ஸ்பீக்கர்."

இப்போதுதான் சிரித்தார். "வேப்பமரத்துல கட்டுற குழாய்லயா? அதுல எது வாசிச்சாலும் ஒண்ணுதான் தம்பி. சரி, கழுத்து நேரா இருக்கா?"

"இருக்கு."

"கம்பி எங்கயாவது உரசுதா? சுருதி நிக்குதா?"

"நிக்குது."

"இத்தனை வருஷமா, உங்க ஊர் வெயில்லயா? அப்ப உங்களுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர் பார்த்துத்தான் வாங்கியிருக்கார்," என்றார்.

திரும்பி வருகிற ரயிலில் எனக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்லை. கோபேயில் தெரியாத பாஷைக்காரன் கடையில், எண்ணெய்க் கறை படிந்த கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்ற ஒரு மனிதரையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் சுவரைப் பார்த்து நின்று தெரிந்துகொண்டதை அவர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் என்று கேட்டவன் நான். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சொல்லவில்லை. வந்த அன்று அப்பாவுக்குக் காய்ச்சல். பிறகு ஈஸ்டர் வந்தது. பிறகு என் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் வீட்டார் வந்து போகிற நேரத்தில் நான் பொய்யன் என்று நானே சொல்வதா என்று தோன்றியது. நல்ல சாக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. பிளேடை மட்டும் எடுத்து, அண்ணாச்சி எழுதிய பெயரைச் சுரண்டிப் போட்டேன். குழுவில் கேட்டதற்கு, வர்ணம் உரிந்துவிட்டது என்றேன். அடியில் பழைய பெயர் கொஞ்சமாவது தெரியுமா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். வெறும் மரம்தான் தெரிந்தது.

அப்பா படுக்கையில் விழுந்தபோது அத்தான் லீவில் இருந்தார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்ன பிறகு தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். அப்பாவுக்குப் பேச்சு குழறிவிட்டது. ஆனால் ஏழரை மணி மறக்கவில்லை. கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். அத்தான் கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அப்பா நடுங்குகிற கையால் வேதாகமத்தை என் பக்கம் தள்ளினார்.

அதை அப்படியே எடுத்து அத்தான் கையில் கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. அப்பா கேட்டிருந்தால் மூன்று சொல்லில் முடிந்திருக்கும்: கிட்டார் ஜப்பான் அப்பா. நான் பக்கத்தைப் புரட்டி, கணீரென்று வாசித்தேன். என் வாழ்க்கையில் எந்தக் கச்சேரியிலும் நான் அவ்வளவு கேவலமாக வாசித்ததில்லை.

அப்பா போய் ஒரு வருஷம் ஆன பிறகு தூத்துக்குடிக்குப் போனேன். அத்தான் அப்போது கப்பலை விட்டுவிட்டார். முழங்கால் வலி. நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ஆரம்பித்தேன்.

"அத்தான், அந்தக் கிட்டார்ல மொதல்ல இருந்த பேரு என்ன? நான் சொரண்டிட்டேன். ஜப்பான் பேரு. அன்னைக்கு மைக்குல நான் சொன்னது பொய்."

அத்தான் ரேடியோவை அணைத்தார். ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார்.

"என்ன சொல்லுத மாப்ளே? அது அமெரிக்காதானே? எனக்குத்தான் அன்னைக்கு ஊரு மாறிட்டு," என்றார்.

அக்கா முன்னால் என்னைக் காப்பாற்றுகிறார். இத்தனை வருஷம் கழித்தும், அப்பாவே இல்லாமல் போன பிறகும்.

அக்கா காப்பித் தம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தாள். கோபமே இல்லாமல் பேசினாள்.

"இவுக கப்பல் புஸ்தகம் என் பீரோவுலதான்ல இருக்கு. எந்தெந்தக் கப்பல்ல எங்கன போனாக, எப்ப எறங்குனாகன்னு முத்திரை குத்தியிருப்பான். ஒரு தடவைகூட இவுக அமெரிக்காவுக்குப் போனது கெடையாது. எனக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும்."

"அப்ப அப்பாகிட்ட அந்தப் புஸ்தகத்தக் காட்டியிருக்கலாம்லா அக்கா?" என்றேன்.

"எடுத்துக்கிட்டுதான் கெளம்புனேன். இவுகதான் வேண்டாம்னுட்டாக," என்றாள். "அவனே சொல்லுவான், சின்னப்பய, ஒரு வாரம் பொறுன்னாக. நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னுதான்ல நாங்க ரெண்டு பேரும் இருந்தோம்."